காலையில் நன்றாக ஓடும் ஹிட்டாச்சி பத்தரை மணிக்கு ஏன் சோர்ந்துபோகிறது?

கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து 34 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். பதினோரு வருடம் மற்றவர்களின் வண்டியில் ஆப்பரேட்டராக இருந்தவர். மனைவியின் நகையை அடகு வைத்து, மைத்துனரிடம் கொஞ்சம் வாங்கி, 18 லட்சத்துக்கு 2012 மாடல் 20 டன் செயின் வண்டி (ஊரில் ஹிட்டாச்சி என்று சொல்லும் மண் தோண்டும் இயந்திரம்) ஒன்றைப் புரோக்கர் மூலம் வாங்கியிருக்கிறார். மீட்டரில் 7,400 மணி. முன்பு கல்குவாரியில் பிரேக்கர் (பாறை உடைக்கும் கருவி) போட்டு ஓட்டிய வண்டி. இப்போது பண்ணைக்குட்டை வெட்டுவது, நிலம் சமன் செய்வது, கிணறு தூர்வாருவது என்று வேலை கிடைக்கிறது.

வாங்கி நாற்பது நாளில் தொல்லை தொடங்கியிருக்கிறது. காலை எட்டு மணிக்கு வேகமாக ஓடுகிற வண்டி பத்தரைக்கு மந்தமாகிவிடுகிறது. சாப்பாட்டு நேரத்தில் நிறுத்தி எடுத்தால் மறுபடி அரை மணி நேரம் நன்றாக இருக்கிறது. பூமை (வண்டியின் நீண்ட கையை) தூக்கிக்கொண்டே ஸ்விங் அடித்தால் (மேல்பகுதியைச் சுழற்றினால்) என்ஜின் இறங்கிக் கரும்புகை தள்ளுகிறது. மேட்டில் ஏறும்போது இடது செயின் பின்தங்கி, வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. இது காலையிலும் உண்டு. ராத்திரி பூமைத் தூக்கி நிறுத்தினால் விடிவதற்குள் பக்கெட் தரையைத் தொட்டுவிடுகிறது.

உள்ளூர் மெக்கானிக், "மெயின் பம்ப் போய்விட்டது, ரீகண்டிஷன் பம்ப் மூன்றரை லட்சம்" என்கிறார். ஆயிலை அழுத்தித் தள்ளி வண்டியை இயக்குவது அந்தப் பம்ப்தான். இன்னொருவர் ரிலீஃப் வால்வை (ஆயில் அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் வால்வு) இரண்டு சுற்று ஏற்றினால் போதும் என்கிறார். மூன்றாமவர் 46 ஹைட்ராலிக் ஆயிலை இறக்கிவிட்டு 68 ஊற்றச் சொல்கிறார். விற்றவரோ, "ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்று போனை வைத்துவிட்டார். "பம்ப்பை மாற்ற இன்னும் கடன் வாங்கட்டுமா, வந்த விலைக்குத் தள்ளிவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

தம்பி, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் வண்டியை இதுவரை யாரும் அளந்து பார்க்கவில்லை. மூன்று பேர் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார்கள், ஆனால் ஒருவராவது பிரஷர் கேஜ் மாட்டியதாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. முப்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கெட்ட பம்ப்பால் காசு இழந்தவர்களைவிட, நல்ல பம்ப்பைக் கழற்றி மாற்றிக் காசு இழந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, எல்லாத் தொல்லைக்கும் ஒரே காரணம்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் குறைந்தது மூன்று தனித்தனிக் கோளாறுகள் எனக்குத் தெரிகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் செலவும் பிரியும், பயமும் குறையும்.

சூடானால் மந்தம்: முதலில் கூலரைப் பாருங்கள்

ஆயில் டப்பாவில் 46 என்று போட்டிருப்பது 40 டிகிரி சூட்டில் அந்த ஆயிலின் கெட்டித்தன்மை. அதே ஆயில் 80 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்காக இளகிவிடும். இளகிய ஆயில் பம்பிலும் வால்விலும் மோட்டாரிலும் உள்ள சின்னச் சின்ன இடைவெளிகளில் நழுவும். வேலைக்குப் போக வேண்டிய ஆயில் உள்ளுக்குள்ளேயே டேங்குக்குத் திரும்பும்போது அந்தச் சக்தி முழுவதும் சூடாகிறது. சூடு ஏற ஏற ஆயில் இன்னும் இளகும். சாப்பாட்டு நேர ஓய்வுக்குப் பிறகு வண்டி தெளிவதற்கு இதுதான் காரணம்.

ஆக, தேய்மானம் கொஞ்சம் இருக்கலாம். 2012 வண்டியில் இல்லாமல் இருக்காது. ஆனால் ஆயில் எத்தனை டிகிரிக்குப் போகிறது என்று தெரியாமல் பம்ப்பைக் குற்றம் சொல்ல முடியாது. இன்ஃப்ராரெட் டெம்பரேச்சர் கன் ஒன்று வாங்குங்கள், ஆயிரம் இரண்டாயிரத்துக்கே கிடைக்கும். மந்தமாகும் நேரத்தில் ஹைட்ராலிக் டேங்கின் பக்கவாட்டில் பிடியுங்கள். 80க்குள் இருந்தால் சரி. 90ஐத் தாண்டினால் கூலர் பக்கம் போங்கள்.

என்ஜின் டெம்பரேச்சர் முள் சரியாக இருப்பதால் கூலிங்கில் குறையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறான முடிவு. அந்த முள் ரேடியேட்டர் தண்ணீருக்கானது. ஆயில் கூலர் தனி. குவாரித் தூசியும் ஆயில் கசிவும் சேர்ந்து அதன் இதழ்களுக்கு நடுவில் களிமண் மாதிரி அடைத்துக்கொள்ளும். வெளியில் பார்த்தால் சுத்தமாக இருக்கும், உள்ளே காற்றே போகாது. பின்னால் டார்ச் அடித்து முன்னால் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். கம்ப்ரஸர் காற்றை ஃபேன் காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கமாக, இதழ் மடங்காத தூரத்திலிருந்து அடிக்க வேண்டும். ஃபேன் பெல்ட் நழுவுகிறதா, கூலரைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்ச் பட்டைகள் பிய்ந்துபோயிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். அந்தப் பட்டை இல்லாவிட்டால் சூடான காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும்.

ஆயில் அளவை வண்டியின் ஸ்டிக்கரில் காட்டியிருக்கும் நிலையில் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். பக்கெட்டும் ஆர்மும் (பூமுக்கும் பக்கெட்டுக்கும் நடுவிலுள்ள கை) வேறு நிலையில் இருந்தால் சிலிண்டருக்குள் இருக்கிற ஆயில் கணக்கு மாறி, குறைவாக இருக்கும்போதே டேங்கின் அளவுக் கண்ணாடியில் சரியாகத் தெரியும்.

கரும்புகை: பம்பைக் குற்றம் சொல்லுமுன்

மெக்கானிக்கிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பம்ப் தேய்ந்து ஆயில் நழுவுகிறது என்றால் வண்டி மெதுவாகும், சரி. ஆனால் தேய்ந்த பம்ப் என்ஜினை இப்படித் திணறடிப்பது பொதுவாக நடக்காது. என்ஜின் திணறுகிறது என்றால் அதற்குத் தாங்க முடியாத சுமையைப் பம்ப் கேட்கிறது, அல்லது என்ஜினே பலவீனமாகிவிட்டது. இரண்டும் "பம்ப் போய்விட்டது" என்பதற்கு எதிர்த்திசை.

புகையின் நிறம் இங்கே உதவும். டீசல் ஃபில்டர் அடைத்தால் என்ஜின் சக்தி இழக்கும், ஆனால் கரும்புகை பெரிதாக வராது. டீசல் போய்க் காற்று போதாமல் இருந்தால்தான் கரும்புகை. எனவே ஏர் ஃபில்டரின் வெளி, உள் இரண்டையும் பாருங்கள். டர்போவிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் ஓஸில் கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கீறல் சும்மா ஓடும்போது தெரியாது, லோடு விழும்போதுதான் வாய் திறக்கும். அதற்குப் பிறகு இன்ஜெக்டர்.

இதெல்லாம் சரியாக இருந்தால் பம்பின் ரெகுலேட்டருக்கு வாருங்கள். 20 டன் வண்டியில் மெயின் பம்ப் என்பது ஒரே கூட்டில் இரண்டு பம்ப், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 லிட்டர் தள்ளும். பிரஷர் ஏறும்போது அளவைக் குறைத்து என்ஜினைக் காப்பாற்றுவது ரெகுலேட்டரின் வேலை. அதற்குக் கட்டளை போவது மின்சாரத்தால் இயங்கும் ஒரு சோலனாய்டு வால்வு வழியாக. சில மாடல்களில் அதன் வயர் அறுந்தாலோ கனெக்டரில் துரு ஏறினாலோ பம்ப் குறைக்கத் தெரியாமல் முழு அளவில் நிற்கும், என்ஜின் முட்டி இறங்கும். சில மாடல்களில் அவசரத்துக்கென்று ஒரு மாற்று ஸ்விட்ச் உண்டு. பழைய வண்டிகளில் யாரோ எப்போதோ அதைத் திருப்பிவிட்டு, கேபினுக்குள் வயரையும் நேரடியாக முறுக்கி வைத்திருப்பார்கள். ஹைட்ராலிக் மெக்கானிக்குக்கு முன் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இடது செயின்: ஓஸை மாற்றிப் பார்க்கும் சோதனை

இது காலையில் ஆயில் குளிர்ந்திருக்கும்போதும் இருக்கிறது என்று எழுதியதற்கு நன்றி. மிக முக்கியமான குறிப்பு அது. சூட்டுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று சொல்லிவிடுகிறது.

முதலில் செயின் டென்ஷன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா, இடது ஸ்பிராக்கெட்டில் (செயினைச் சுழற்றும் பல்சக்கரம்) மண் இறுகிக் கிடக்கிறதா என்று பாருங்கள். பிறகு பூமை ஊன்றி இடது செயினை மட்டும் தரையிலிருந்து தூக்குங்கள். செயினின் ஒரு பட்டையில் சுண்ணாம்பால் குறி போட்டு, மூன்று சுற்றுக்கு எத்தனை வினாடி என்று பாருங்கள். வலதிலும் அதே மாதிரி. வித்தியாசத்தை எழுதி வையுங்கள்.

செயின்களை ஓட்டும் இரண்டு டிராவல் மோட்டார்களுக்கும் ஆளுக்கொரு பம்ப். சென்டர் ஜாயின்டுக்கு (சுழலும் மேல்பகுதியிலிருந்து ஆயிலைக் கீழே கொண்டுபோகும் இணைப்பு) மேலே வரும் இடது, வலது ஓஸ்களை இடம் மாற்றி மாட்டி ஓட்டிப் பார்க்கலாம். பலவீனம் வலது செயினுக்குப் போய்விட்டால் கோளாறு மேலே, அதாவது பம்பிலோ கண்ட்ரோல் வால்விலோ. இடதிலேயே நின்றால் கோளாறு கீழே, சென்டர் ஜாயின்டிலோ மோட்டாரிலோ. பம்பின் ஒரு பாதி உண்மையிலேயே கெட்டிருந்தால் அந்தப் பாதியில் ஓடும் மற்ற அசைவுகளும் மெதுவாகியிருக்க வேண்டும். காலையில் மற்ற எல்லாம் வேகமாக இருப்பதாக நீங்கள் எழுதியிருப்பதால் எனக்குக் கீழே உள்ளவற்றின் மீதுதான் சந்தேகம். சென்டர் ஜாயின்ட் சீல் என்றால், பம்ப் விலையோடு பார்க்கும்போது சிறு செலவு.

ஓஸைக் கழற்றுமுன் பக்கெட்டைத் தரையில் வைத்து, என்ஜினை அணைத்து, லீவர்களை எல்லாப் பக்கமும் அசைத்து, டேங்கின் காற்று அழுத்தத்தையும் இறக்கிவிட வேண்டும். மாற்றிய பிறகு இடது லீவரைத் தள்ளினால் வலது செயின் ஓடும் என்பதை மறக்காதீர்கள். வெட்டவெளியில், பக்கத்தில் யாரும் நிற்காதபோது மட்டும் செய்யுங்கள்.

இடது டிராவல் கியர் பாக்ஸின் ஆயில் பிளக்கையும் திறந்து பாருங்கள். இருக்க வேண்டியதைவிட அதிகமாக ஒழுகினால் மோட்டார் சீல் வழியாக ஹைட்ராலிக் ஆயில் அதற்குள் புகுந்திருக்கிறது.

ராத்திரி இறங்கும் பூம்

என்ஜின் அணைந்திருக்கும்போது பம்ப் சுற்றுவதில்லை. அப்போது பூம் இறங்குகிறதென்றால் பம்புக்கு அதில் பங்கே கிடையாது. பூம் சிலிண்டரின் சீல், பூமைப் பிடித்து நிறுத்தும் ஹோல்டிங் வால்வு, அந்தப் பகுதியின் ஓவர்லோடு ரிலீஃப், கண்ட்ரோல் வால்வு ஸ்பூல் (வால்வுக்குள் நகரும் தண்டு), இவற்றில் ஒன்று. மூன்றரை லட்சம் செலவழித்துப் பம்ப் மாற்றியிருந்தாலும் மறுநாள் காலையில் பக்கெட் தரையில்தான் இருந்திருக்கும்.

ராத்திரி முழுவதும் கொஞ்சம் இறங்குவது பழைய வண்டிக்குச் சகஜம். பக்கெட்டில் மண்ணோடு ஆர்மை நீட்டி நிறுத்தி, என்ஜினை அணைத்து, 5 நிமிடத்தில் சிலிண்டர் ராட் எத்தனை மில்லிமீட்டர் உள்ளே போகிறது என்று அளந்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். அளக்கும்போது பூமுக்குக் கீழே யாரும் போகக் கூடாது. ராத்திரியில் பூமைத் தூக்கி நிறுத்தும் பழக்கத்தையும் இன்றோடு விடுங்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் வண்டிக்குக் கீழே விளையாடுவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டுத்தான் வண்டியை விட்டு இறங்க வேண்டும்.

ரிலீஃப் வால்வும் 68 ஆயிலும்

வேகம் என்பது ஆயிலின் அளவு. பலம் என்பது பிரஷர். உங்கள் குறை மந்தம். ரிலீஃப் வால்வை முறுக்கினால் பிரஷர்தான் ஏறும், வேகம் ஏறாது. ஏற்கெனவே திணறுகிற என்ஜினுக்கு இன்னும் சுமை கூடும். இந்த வகை வண்டிகளில் மெயின் ரிலீஃப் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 350 கிலோ அழுத்தத்தில் வைக்கப்பட்டிருக்கும். ஓஸ், சிலிண்டர், பூமின் வெல்டிங் எல்லாம் அந்தக் கணக்கில் செய்தவை. கேஜ் மாட்டாமல் ஸ்பேனரால் இரண்டு சுற்று ஏற்றினால் அது எங்கே போய் நிற்கும் என்று அந்த மெக்கானிக்குக்கும் தெரியாது.

கசிவு தேடும்போது ஓஸைக் கையால் தடவிப் பார்க்கிறீர்கள் என்று படித்ததும் எனக்குப் பதறிவிட்டது. ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் முள் குத்தினது மாதிரிதான் இருக்கும், வலிகூட முதலில் பெரிதாக இராது. சில மணி நேரத்தில் விரலோ கையோ எடுக்க வேண்டிய நிலைக்குப் போகலாம். அட்டையை நீட்டிப் பாருங்கள், கையை அல்ல. அப்படி நடந்துவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டாமல் உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

68 ஆயில் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வெப்பமான இடங்களுக்குச் சில கம்பெனிகளே 68ஐ அனுமதிக்கின்றன, ஆகவே உங்கள் கையேட்டில் இருந்தால் ஊற்றலாம். ஆனால் நோயைத் தேடாமல் கெட்டி ஆயில் ஊற்றுவது காய்ச்சலை மாத்திரையால் மறைப்பது போல. வண்டியை விற்பவர்கள் சிலர் செய்கிற வேலையும் இதுதான், அப்போதுதான் ஓட்டிக் காட்டும்போது வண்டி நன்றாக இருக்கும். உங்கள் வண்டியில் இப்போது என்ன ஆயில் இருக்கிறது என்பதே நமக்குத் தெரியாது. ஒரு பாட்டிலில் சாம்பிள் எடுத்து ஆயில் டீலர் மூலமாகப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

டேங்குக்குத் திரும்பும் ஆயிலை வடிகட்டும் ரிட்டர்ன் ஃபில்டரையும் கழற்றி வெட்டிப் பாருங்கள். காகித மடிப்பில் பித்தளை நிறத்தில் மினுமினுப்பு இருந்தால் பம்பிலோ மோட்டாரிலோ தேய்மானம். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. கறுப்பு ரப்பர் துணுக்கு என்றால் சீல். ஆயில் மோர் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பிரேக்கர் ஓட்டிய வண்டியில் ஆயில் சீக்கிரம் கெடும், அழுக்கும் அதிகம் சேரும். கையேட்டில் போட்டிருக்கும் மணிக்கணக்கு வெறும் பக்கெட் வேலைக்கானது. உங்களுக்கு ரிட்டர்ன் ஃபில்டர் 500 மணிக்கு ஒருமுறை, என்ஜின் ஆயில் 250 மணிக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல் வாட்டர் செப்பரேட்டரைத் தினமும் திறந்துவிடுங்கள். ஸ்விங், டிராவல் கியர் ஆயில்களை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாததால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் பம்ப்தான் என்றால்

அப்போது ஃப்ளோ மீட்டர் மாட்டி, இரண்டு பாதிகளையும் தனித்தனியாக லோடில் அளக்கச் சொல்லுங்கள். பம்புக்குள் நழுவும் ஆயிலை டேங்குக்குக் கொண்டுபோகும் கேஸ் டிரெய்ன் ஓஸில் எவ்வளவு ஆயில் வருகிறது என்றும் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு பம்ப் தேய்ந்துவிட்டது என்று சொன்னால் மாற்றத்தான் வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். உதிர்கிற உலோகம் வால்வையும் மோட்டாரையும் கெடுத்துவிடும்.

எந்தப் பம்ப் வாங்குவது என்பதில் கவனம் வேண்டும். "ஹிட்டாச்சி" என்றே கடிதம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நீங்கள் அனுப்பிய போட்டோவில் இருப்பது வேறு கம்பெனி வண்டி. நம் பக்கம் எல்லாச் செயின் வண்டியும் ஹிட்டாச்சிதான். அதற்கு முன்னால் பொக்லைன் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர் இப்படித்தான் எல்லா வண்டிக்கும் ஆனது. பேச்சுக்குச் சரி, ஸ்பேர் வாங்கும்போது சரிவராது. ஒரே மாடலில்கூட சீரியல் எண்ணைப் பொறுத்துப் பம்ப் மாறும். பம்பின் மேல் உள்ள தகட்டின் எண்ணையும் வண்டி சீரியல் எண்ணையும் காட்டித்தான் கேட்க வேண்டும்.

புதுப் பம்ப் மாட்டுமுன் டேங்கைக் கழுவி, ஃபில்டர்கள் எல்லாவற்றையும் மாற்றி, லைன்களைச் சுத்தம் செய்யாவிட்டால் பழைய பம்பின் துகள்களே புதியதைத் தின்றுவிடும். ஸ்டார்ட் செய்யுமுன் பம்பின் கூட்டுக்குள் சுத்தமான ஆயிலை நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். வறண்ட பம்ப் சில நிமிடங்களில் சிராய்த்துப் போகும். இதைச் செய்யும்போது நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.

விற்றவரும் காகிதங்களும்

ஆர்.சி. மாறவில்லையே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். ஜே.சி.பி. போன்ற டயர் வண்டிக்குத்தான் ஆர்.டி.ஓ. பதிவு. லோபெட் லாரியில் ஏற்றிப் போகிற இரும்புச் செயின் வண்டிக்குப் பொதுவாக ஆர்.சி. கிடையாது, கம்பெனியின் முதல் பில்தான் உரிமைக்கு ஆதாரம். அது உங்களிடம் இல்லை என்பதுதான் எனக்குக் கவலை. அந்தப் பில், அடுத்தடுத்துக் கைமாறிய விற்பனைக் கடிதங்கள், ஃபைனான்ஸ் கம்பெனியின் கடன் தீர்ந்த சான்று ஆகியவற்றை விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். பழைய கடன் பாக்கி இருந்தால் வண்டியையே தூக்கிப் போய்விடுவார்கள்.

7,400 மணியை நான் நம்பவில்லை. குவாரி வண்டி வருடத்துக்கு 1,500 மணி ஓடினால்கூட எட்டு வருடத்திலேயே 12,000 ஆகியிருக்கும். பூம், பக்கெட் மூட்டுகளில் உள்ள பின்-புஷ் ஆட்டமும் ஸ்பிராக்கெட் பல்லின் கூர்மையும் மீட்டரைவிட உண்மை பேசும். கன்ட்ரோலருக்குள் மணிக்கணக்கு பதிவாகும் மாடலாக இருந்தால் லேப்டாப் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

"மீட்டர் ஒரிஜினல்" என்று புரோக்கர் வாட்ஸப்பில் அனுப்பியதை அழித்துவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு வழக்கு போட முடியாது என்றாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே வாங்கித் தானே பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. நீங்களே ஓட்டுகிறீர்கள் என்பது உங்களுக்குச் சாதகம். உங்கள் வழக்கு நிற்குமா என்பதை ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். அவரைப் பார்க்கும்வரை பம்ப்பைப் பிரிக்காமல் இருப்பது இன்னொரு வகையிலும் நல்லது. பிரித்துவிட்டால், "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று சொல்லிவிடுவார்கள்.

இந்த வாரம் கூலர், ஏர் ஃபில்டர், டர்போ ஓஸ், ரிட்டர்ன் ஃபில்டர், செயின் சுற்று இந்த ஐந்தையும் முடித்துவிடுங்கள். அப்புறம் மெயின் பிரஷர், பைலட் பிரஷர் (லீவரின் கட்டளையை வால்வுக்குக் கொண்டுபோகும் சிறிய அழுத்தம்) இரண்டையும் கேஜில் எடுத்து, ஆயில் எத்தனை டிகிரியில் இருந்தபோது எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். பைலட் பிரஷர் 40 கிலோவைச் சுற்றி இருக்க வேண்டும். அது 30க்குக் கீழே இருந்தால் மற்றதை விட்டுவிட்டு முதலில் பைலட் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.